நாலாவது குரல்

மிருதுளாவின் வீட்டுக்குப் பூ வருவது நின்றுபோன விஷயத்தைக் கோகிலவாணி முதலில் ஒரு சின்னக் கோளாறாகத்தான் நினைத்தாள். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து தம்பி மனைவி கூப்பிட்டபோது, அவள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நங்கை, வேலையா இருக்கீங்களா?"

கணவனின் அக்காவை அந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொல்லு மிருது."

"உங்க தோரணம் கம்பெனியில எனக்கு மட்டும் ஏதோ ஆயிருச்சாட்ட இருக்குதுங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டீச்சருங்க எல்லாரும் மஞ்சள் சேலை கட்டறதுன்னு பேசிக்கிட்டோம். எல்லாரும் எடுத்துட்டாங்க. நான் தேடுனா மஞ்சளே வரமாட்டேங்குது. இந்தப் பகுதியில இருப்பு இல்லைங்குது. பக்கத்துல உக்காந்திருக்கற மகேஸ்வரி டீச்சர் போன்ல அதே சேலை வருதுங்க."

"ஏதாவது கோளாறா இருக்கும். பாக்கறேன்."

"பூவுங்கூட வர்றதில்லைங்க. வெள்ளிக்கிழமையானா வரும்ல? நான் நிறுத்தச் சொல்லவே இல்ல. அத்தை நிறுத்தியிருப்பாங்களோன்னு நெனச்சேன். கேட்டா அவங்களும் இல்லைங்கறாங்க."

"எப்ப இருந்து வரல?"

அந்தப் பக்கம் வகுப்பறையில் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து எதையோ ஒப்பிப்பது கேட்டது.

"அவருக்குக் காரியம் முடிஞ்ச வாரத்துல இருந்துங்க."

தரணிதரன் போன ஆடி மாதம் சத்தியமங்கலம் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். கோகிலவாணிக்கு ஒரே தம்பி. பதினாறாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் மிருதுளாவைக் கூடத்தில் உட்காரவைத்துப் பொட்டை அழிக்க வந்தபோது, "என் தம்பி பொண்டாட்டி நெத்தியில ஒருத்தர் கை படக்கூடாது" என்று குறுக்கே நின்றவள் அவள்தான். பெரியம்மா ஒருத்தி அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அம்மா அழுதாள். கோகிலவாணி அசையவில்லை. அப்படிப்பட்டவளிடம் இந்தக் குறை வந்ததில் அவளுக்கு ஒரு விதத்தில் சந்தோஷம்கூட. சரி செய்து கொடுத்துவிடலாம், அவள் கையில்தானே இருக்கிறது.

உண்மையிலேயே அவள் கையில்தான் இருந்தது. தோரணம் என்ற அந்த விற்பனை நிறுவனத்தில் பண்பாட்டுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. தோரணம் வந்த பிறகு ஊர்க் கடைகள் எல்லாம் அதன் கிடங்குகளாக மாறியிருந்தன. பெயர்ப்பலகை பழையதுதான் இருக்கும். உள்ளே போனால் அடுக்கடுக்காகச் சேலையோ பாத்திரமோ கிடையாது, ஆளுக்கொரு திரைதான். வாய் விட்டுக் கேட்டால் பொருள் திரையில் வரும், பிடித்தால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். திரையில் வராத பொருள் ஊரிலேயே இல்லாத பொருள்.

ஆரம்பத்தில் தோரணத்துக்குப் பெரிய தலைவலி, வாங்கியதை ஜனங்கள் திருப்பி அனுப்புவது. விலையைக் குறைத்தார்கள், தரத்தைக் கூட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கோகிலவாணி சாதாரண ஆய்வாளர். கரூரில் ஒரு பெண் ஒரே கிளிப்பச்சைச் சேலையைத் திரும்பத் திரும்ப வாங்குவதும் திருப்பி அனுப்புவதுமாக இருந்தாள். கோகிலவாணி நேரில் போய்க் கேட்டாள். "சேலை நல்லாத்தான் இருக்கு. எங்க ஓரகத்தி பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம சிரிச்சா" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் காரணம்.

அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, "வாங்குறது ஒருத்தர், தேர்ந்தெடுக்கிறது நாலு பேர். அந்த நாலு பேர் யாருன்னு கண்டுபிடிச்சா போதும்" என்று சொன்னாள். அதிலிருந்துதான் 'நாலு பேர்' பிறந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் யாருடைய முகத்தை மனதில் வைத்துக்கொண்டு பொருளை எடுக்கிறார், யாருடைய பார்வைக்குப் பயந்து திருப்பி வைக்கிறார் என்பதை அவர்கள் வாங்கியது, வாங்காதது, திருப்பியது எல்லாவற்றிலிருந்தும் இயந்திரம் கண்டுபிடிக்கும். அந்த நாலு பேரையும் தனக்குள் உருவாக்கிக்கொள்ளும். பிறகு எந்தப் பொருளையும் முதலில் அவர்களிடம் காட்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் வாடிக்கையாளருக்குக் காட்டும். திருப்பி அனுப்புவது அடியோடு குறைந்தது. கோகிலவாணிக்குத் தனி அறை வந்தது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் யாரும் எதிர்பாராதது. பலருடைய நாலு பேரில் ஒருவர் செத்துப்போனவராக இருந்தார். பத்து வருஷத்துக்கு முன் போன மாமனார், சின்ன வயசில் இழந்த அம்மா. சோதனைக்காக அவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் எதையும் வாங்க முடியாமல் திரைக்கு முன்னால் திகைத்து நின்றார்கள். அதனால் இறந்தவர்களையும் இருக்கவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பது செத்தவர்கள்தான் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த வேடிக்கையை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் காலை நசீரின் மேசைக்குப் போனாள். இயந்திரத்தைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. மிருதுளாவின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "கோளாறு இல்லீங்க மேடம்" என்றான்.

"பின்ன?"

"காட்டக்கூடாதுன்னு தெரிஞ்சுதான் காட்டல."

"அவ வீட்டுக்காரர் போனதை யார் இதுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சொல்லணுமா? வீட்டுல ஷேவிங் பிளேடு வாங்குறது நின்னிருக்கு. அரிசி குறைஞ்சிருக்கு. நடுவுல சூடம், நெய், வாழையிலை, காரியத்துக்கான சாமான் மொத்தமும் போயிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அவ மஞ்சள் கேட்டிருக்கா நசீர். வாய் விட்டுக் கேட்டிருக்கா."

"கேக்கறது ஒண்ணு, கட்டிக்கிறது ஒண்ணுன்னு நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க? வாங்கிட்டுப் போவாங்க, வீட்டுல யாராவது ஒரு பார்வை பாப்பாங்க, திருப்பி அனுப்புவாங்க. அந்தச் சங்கடம் வேண்டாம்னுதான மறைக்குது."

"மறைக்கட்டும். இருப்பு இல்லைன்னு பொய் எதுக்குச் சொல்லணும்?"

"உங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அந்த வாசகத்தை முடிவு பண்ண கூட்டத்துல நீங்களும் இருந்தீங்க."

இருந்தாள். கை தூக்கியும் இருந்தாள்.

"அவளோட நாலு பேரைத் திற. நான் கேக்கணும்."

நசீர் தயங்கினான். சொந்தக்காரர் கணக்கைத் திறக்கக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவளே முன்னால் நின்றதால் எழுந்து நடந்தான்.

அலுவலகத்தின் பின்பக்கத்தில் கேட்பறை இருந்தது. சன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு திரை. இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க, ஒருவருடைய நாலு பேரையும் அங்கே பேசவைத்துப் பார்க்கலாம். ஜனங்கள் எல்லாரும் கடையிலும் வீட்டில் போனிலும் வாயால் கேட்டே பொருள் வாங்குவதால், அவரவர் குரலும் பேசும் தோரணையும் தோரணத்திடம் இருந்தன. கோகிலவாணி எத்தனையோ பேருடைய நாலு பேரை அங்கே கேட்டிருக்கிறாள். அந்நியர்களின் மாமியார்கள், அந்நியர்களின் அண்ணன்மார்.

நசீர் திரையில் ஒரு மாம்பழ மஞ்சள் நெகமம் சேலையை வைத்தான்.

முதல் குரல் அவளுடைய அம்மாவின் குரல். "அதெல்லாம் எதுக்கு இப்ப? பாக்கறவங்க என்ன பேசுவாங்க?" எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது, சத்தியமங்கலத்தில் இருக்கும் மிருதுளாவின் அம்மா. "உன்ற மாமியா மனசு கோணாம நடந்துக்க சாமி. அவங்க நெழல்ல இருக்கறே."

மூன்றாவது குரல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தது.

"எடுத்துக்க கண்ணு. இந்த மஞ்சள் உனக்குன்னே போட்டாட்ட இருக்குது. வெலையப் பாக்காத, எடு."

கோகிலவாணி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். தரணி. தொண்டையை லேசாகக் கனைத்துக்கொண்டு பேசும் அந்தப் பழக்கம்கூட அப்படியே இருந்தது. நசீர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்: "அவரு எல்லாத்துக்கும் சரின்னுதாங்க சொல்லியிருக்காரு. பூ, வளையல், சேலை. ஒரு தடவைகூட மறுக்கல. ஒத்த ஆளு, அதனால தோத்துப் போயிருக்காரு."

செத்துப்போனவன் இத்தனை மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக் கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். உயிரோடு இருக்கிற மூன்று பேர் சேர்ந்து வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

"வேண்டாம்னு சொன்ன மூணாவது ஆள் யாரு? யாருன்னாலும் நான் நேரா போய்ப் பேசறேன். போடு."

"மேடம், போதுமே."

"போடு நசீர்."

நாலாவது குரல் கனிவான குரல். நிதானமாக, அன்பாகப் பேசியது.

"நல்லாத்தான் இருக்குது மிருது. உனக்கு எதைக் கட்டுனாலும் நல்லா இருக்கும். இப்பவே எதுக்கு, கொஞ்ச நாள் போகட்டுமே. நான் வேண்டாம்னு சொல்லல."

அது யாருடைய குரல் என்று புரிய கோகிலவாணிக்கு நேரம் பிடித்தது. தன் குரலை வெளியிலிருந்து கேட்கும்போது யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை.

"நான் இப்படிச் சொன்னதே கிடையாது" என்றாள். "இதுக்கு நேர்மாறா, சண்டை போட்டிருக்கேன். ஊரே சாட்சி."

"நீங்க சொன்னதை இது கேக்கலீங்க மேடம். வாங்குனதைப் பாத்துச்சு." நசீர் அவளைப் பார்க்காமலே பேசினான். "அவரு இருக்கறப்ப வருஷா வருஷம் தீபாவளிக்கு நீங்க மிருதுளாவுக்கு எடுத்தது மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். போன தீபாவளிக்கு, துக்க வருஷம்னாலும் வீட்டுல எல்லாருக்கும் பட்டு, அவங்களுக்கு மட்டும் சந்தன நிறத்துல காட்டன். பொங்கலுக்குச் சாம்பல் நிறம். பிறந்தநாளுக்குச் சேலையே இல்ல, புஸ்தகம்."

"அவளுக்கு அமைதியான நிறம் பிடிக்கும்னுதான்..."

"அவங்க சொன்னாங்களா?"

கோகிலவாணி திரையில் இருந்த மஞ்சள் சேலையைப் பார்த்தாள்.

"யார் பேச்சு எடுபடுதுங்கற எடையிலயும் நீங்கதான் அதிகம்" என்றான் நசீர். "அவங்க அம்மா, உங்க அம்மா ரெண்டு பேரையும் சேத்தாலும் உங்களுக்கு ஈடாகல. அவங்களுக்கு உங்க மேல அவ்வளவு மதிப்பு."

அன்றைக்கே தன்னை அந்த நாலு பேரிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். நசீர் எடுத்தான். இரண்டு நாளில் இயந்திரம் அவளைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் உட்காரவைத்தது. மறுபடி எடுத்தான், மறுபடி வந்தாள். "நீங்க நம்ம மெஷின்ல இல்லீங்க மேடம்" என்றான் கடைசியில். "அவங்க மனசுல இருக்கீங்க. நாம எட்டிப் பாக்குறோம், அவ்வளவுதான்." ஆண்டு விழா வந்து போயிற்று. மிருதுளா சாம்பல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றாளாம்.

இதற்கிடையில் கோகிலவாணிக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மதியம் சாப்பிட்டதும் கேட்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். திரையில் ஒரு சேலையை வைப்பாள், ஒரு ஜோடி வளையலை வைப்பாள், சில நாள் வெறும் சோப்பை வைப்பாள். மூன்றாவது குரலை மட்டும் போடுவாள். "எடுத்துக்க கண்ணு" என்பான் தரணி. அவளிடம் அவன் இப்படிப் பேசியதே இல்லை. அக்காவிடம் அவனுக்கு எப்போதும் ஒரு பயம் கலந்த விறைப்பு. பெண்டாட்டிக்காக அவன் வைத்திருந்த இந்தக் குழைவை, அவன் போன பிறகு கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தப்பு என்று தெரிந்தது. மறுநாளும் போனாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்கென்று சொல்லி ஒரு மாம்பழ மஞ்சள் சேலை வாங்கினாள். மிருதுளாவின் பெயரைச் சொல்லியிருந்தால் கோகிலவாணிக்கே இயந்திரம் அதைக் காட்டியிருக்காது. ரெண்டு முழம் மல்லிகையும் எடுத்துக்கொண்டு கோபிக்குப் போனாள். அம்மா கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சேலையை மிருதுளாவின் கையில் கொடுத்து, "இப்பவே கட்டிட்டு வா" என்றாள்.

மிருதுளா சேலையைத் தடவிப் பார்த்தாள். "நீங்க மனசாரத்தான் சொல்றீங்களாங்க நங்கை?"

"சத்தியமா."

அறைக்குள் போனவள் கட்டிக்கொண்டு வந்து கூடத்து வாசலில் நின்றாள். தலையில் பூ. வெட்கமும் பயமுமாக ஒரு சிரிப்பு. பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமாவுக்கோ கொடிவேரி அணைக்கோ கிளம்பும்போது இப்படித்தான் வந்து நிற்பாள். பின்னாலேயே வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு தரணி வருவான். கோகிலவாணியின் பார்வை அவளை அறியாமலே மிருதுளாவைத் தாண்டி, பின்னால் இருந்த அறையின் இருட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து யாரும் வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ பட்டென்று சாத்திக்கொண்டது. இவள் இப்படி வந்து நிற்கலாம் என்றால் அவன் நிஜமாகவே போய்விட்டான். இவ்வளவு நாளும் இவளுடைய வெளிறிய சேலைகளில்தான் அவனுக்காக அழுதுகொண்டிருந்தோமா என்று நினைத்தாள்.

ஒரு கணம்தான். உடனே முகத்தைத் திருத்திக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு மிருது" என்றாள்.

ஆனால் பார்க்கவேண்டியதை மிருதுளா பார்த்துவிட்டாள். "ம்" என்றாள். உள்ளே போனாள். சாப்பாடு பரிமாற வந்தபோது சந்தன நிறச் சேலையில் இருந்தாள், தலையில் பூ இல்லை. இலை எடுக்கும்போது, "எனக்குக் கோவமில்லீங்க" என்றாள் மெதுவாக.

திரும்பி வரும் வழியெல்லாம் கோகிலவாணிக்குத் தன் குரலே காதில் கேட்டது. நான் வேண்டாம்னு சொல்லல. நான் வேண்டாம்னு சொல்லல.

அடுத்த வாரம் மிருதுளாவைக் கோயம்புத்தூருக்கு வரவழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், நாலாவது குரல் யாருடையது என்பது உட்பட. மிருதுளா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அவளுக்கு அது செய்தியே இல்லை போலிருந்தது.

"உனக்காக ஒருத்தன் இன்னும் பேசிட்டுத்தான் இருக்கான். அதை நீ கேக்கணும்" என்று கேட்பறைக்குக் கூட்டிப்போனாள்.

"எடுத்துக்க கண்ணு. வெலையப் பாக்காத, எடு."

மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொருக்கா" என்றாள். கோகிலவாணி மறுபடி போட்டாள்.

"இதை யாரெல்லாம் கேப்பாங்க?" என்று கேட்டாள் பிறகு.

"யாரும் கேக்கமாட்டாங்க. நசீர் ஒருக்கா கேட்டான். அப்புறம் நான்."

"நீங்க அடிக்கடி கேப்பீங்களா?"

"எப்பவாவது."

மிருதுளா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது அவரு வீட்டுக்குள்ள என்னையக் கூப்பிடற பேருங்க நங்கை. வெளிய நாலு பேரு முன்னால இப்படிக் கூப்பிடவே மாட்டாரு." குரல் உயரவில்லை. "அவரைச் செத்த பொறகும் விடாம, கடையில வேலைக்கு வெச்சிருக்கீங்க."

"அப்படியில்ல மிருது. அவன் உனக்குச் சம்மதம் சொல்றான். நாங்க எல்லாரும் வேண்டாம்னு சொன்னப்பவும் அவன்..."

"அவரு சம்மதந்தான் எதுக்குங்க எனக்கு?" என்றாள் மிருதுளா. "ஒரு சேலை கட்டறதுக்கு உசுரோட இருக்கறவங்க மூணு பேரு, போனவரு ஒருத்தரு. நான் எங்க இருக்கறேன் அதுல? நாலு பேத்தையும் எடுத்துருங்க."

"எடுக்க முடியாது. எடுத்துப் பாத்தேன். அவங்க இதுல இல்ல, உன்கிட்ட இருக்காங்க."

மிருதுளா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழுத மாதிரியும் இல்லை, கோபப்பட்ட மாதிரியும் இல்லை.

"அப்ப நானே எடுத்துக்கறேனுங்க" என்றாள்.

பள்ளி விடுமுறை முடிவதற்குள் அவள் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கு வேலை மாறிப் போய்விட்டாள். அம்மா கோயம்புத்தூருக்கு வந்து மகளோடு இருந்தாள். நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று தினமும் புலம்பினாள். மிருதுளா ஆரம்பத்தில் வாரம் ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு பண்டிகைக்குக் கூப்பிட்டாள். அடுத்த தீபாவளிக்குக் கூப்பிடவில்லை.

கோகிலவாணி மதியங்களில் கேட்பறைக்குப் போவதை நிறுத்தவில்லை. கோத்தகிரிக் கடைகளிலும் தோரணம்தான், அதனால் மிருதுளாவின் கணக்கு திறந்தே இருந்தது. தரணியின் குரல் மட்டும் மாதத்துக்கு மாதம் சன்னமாகிக்கொண்டு வந்தது. பேச்சு குறைந்தது. "எடு கண்ணு" என்று நின்றது. பிறகு "எடு."

ஒரு நாள் சேலையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நசீரைக் கூப்பிட்டாள்.

"மிருதுளாவோட நாலு பேர்ல இருந்து உங்க அம்மாவும் அவங்க அம்மாவும் முன்னாடியே போயிட்டாங்க. நீங்க போன மாசம் போனீங்க. அவரு போன வாரம்" என்றான் அவன். "ஒருத்தர் யாரோட நாலு பேர்லயும் இல்லைன்னா அந்தக் குரலை வெச்சுக்க நமக்கு அனுமதி இல்ல. அழிஞ்சிடும்."

"என்னோட நாலு பேர்ல அவன் இருப்பானே. அதுல இருந்து எடு."

நசீர் திரையைப் பார்த்தபடி இருந்தான். "உங்க நாலு பேர்ல அவரு எப்பவுமே இருந்ததில்லீங்க மேடம். அவரு என்ன நெனப்பாருன்னு பாத்து நீங்க எதுவும் வாங்குனதில்ல."

கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க நாலு பேர்ல இப்ப புதுசா ஒருத்தர் வந்திருக்காங்க" என்றான் நசீர். "மிருதுளா. மத்த மூணு பேரும் சேந்தாலும் அவங்க எடைக்கு வரமாட்டாங்க."

கோத்தகிரிக்குப் போய் அவளைப் பார்ப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தாள். என்ன கொண்டுபோவது? கம்பளிச் சால்வை ஒன்றைத் திரையில் வைத்தாள். மிருதுளாவின் குரல் வந்தது: "எனக்கு எதுக்குங்க? வேண்டாமுங்க." பலகாரம் வைத்தாள். பழம் வைத்தாள். ஒரு சில்வர் தூக்குப்போசி வைத்தாள். மரியாதை குறையாத அதே குரல், அதே பதில். கோபம் இருந்தால்கூடப் பேசிச் சமாதானம் செய்யலாம். அந்தக் குரலில் கோபமே இல்லை.

சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மேட்டுப்பாளையத்தில் பேருந்து நின்றபோது கீழே இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிவிடக் கை பரபரத்தது. இறங்கவில்லை.

வீடு தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஓடு வேய்ந்த சின்ன வீடு. வாசலில் மிருதுளாவின் செருப்பு. பக்கத்தில் சேறு அப்பிய ஒரு ஜோடி ஆண் செருப்பு. கோகிலவாணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது.

மிருதுளா "வாங்க" என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று கோகிலவாணியின் முகத்தை மட்டும் பார்த்தாள். அன்றைக்குக் கோபியில், கூடத்து வாசலில் நின்று பார்த்த அதே பார்வை, ஆனால் இப்போது அதில் பயம் இல்லை. கோகிலவாணி வேறெங்கும் பார்க்காமல் அவள் கண்களையே பார்த்தாள். கதவருகே நின்ற மிருதுளா என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. தன் முகம் எப்படி இருந்தது என்பதும் தெரியவில்லை. அது மிருதுளாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"குளுருல நிக்காதீங்க. தண்ணி சுட வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு மிருதுளா உள்ளே திரும்பினாள். கதவைச் சாத்தவில்லை.

உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. "யாரு மிருதுளா?"

"ஊர்ல தெரிஞ்சவங்க" என்றாள் மிருதுளா.

அக்கா இல்லை, நங்கை இல்லை. கோகிலவாணி 'தெரிஞ்சவங்க' என்ற சொல்லை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு படியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, தன் செருப்பைக் கழற்றி அந்த இரண்டு ஜோடிக்கும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக்குள் போவது போலத் தயங்கித் தயங்கி உள்ளே போனாள்.